கோளரங்கத்துக்கு ஒரு விளக்குக் கட்டளை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சிறிய கோளரங்கம் ஒன்று அமைய வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் இதழில் படித்தேன். அவர் விருப்பம்தான் என் விருப்பமும். பிள்ளைகளைத் திருச்சி அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்குக் கூட்டிப்போய் வர ஒரு நாள் முழுக்க ஆகிவிடுகிறது. சென்னை பிர்லா கோளரங்கம் என்றால் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. ஆனால் அந்த அன்பர் வாங்குவதைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்துக் கல்வி நிலையம் ஒன்றில் பதினொரு ஆண்டுகள் சிறு கோளரங்கத்தை ஓட்டியவன் நான். வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது 6 மீட்டர் குவிமாடம். நாற்பது பிள்ளைகள் உட்காரலாம். நடுவில் ஒரு புரொஜெக்டர், அதற்குப் படத்தைக் குவிமாடம் முழுக்க விரிக்கும் மீன்கண் லென்ஸ், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். பெரிய ஊர்களில் இருந்தது போன்ற, ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை ஓட்டைகள் வழியே வீசும் உருண்டைக் கருவி எங்களிடம் இல்லை. எந்த ஊர், எந்த நாள் வானத்தையும் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெல்லேரியம் மென்பொருளே போதுமானதாக இருந்தது.

பதிவு செய்த படத்தைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பதுதான் காட்சி என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டில் தயாரான படங்களில் துருவ நட்சத்திரம் பாதி வானம் உயரத்தில் நிற்கும். அவர்கள் ஊர் அட்சரேகை அப்படி. காரைக்குடி 10 பாகையில் இருக்கிறது. இங்கே துருவ நட்சத்திரமும் தரையிலிருந்து 10 பாகை உயரத்தில்தான் தெரியும். கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி உயரம். படத்தைப் பார்த்த பிள்ளை வீட்டு மொட்டை மாடியில் ஏறி, தலையை அண்ணாந்து தேடிவிட்டு, "சார், காணோம்" என்று மறுநாள் வந்து நிற்கும். அதனால்தான் நான் படத்தை நிறுத்திவிட்டு மைக்கைக் கையில் எடுத்தேன்.

அடிவானத்துக்கு நம் ஊரையே போட்டோ எடுத்து ஒட்டினோம். மேற்கே குன்றக்குடி மலைப் பக்கம் சூரியன் இறங்கும். வெளிச்சத்தை ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் குறைப்பேன். சட்டென்று இருட்டாக்கினால் சின்னப் பிள்ளைகள் அழுதுவிடும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். நடுவில் யாராவது செல்போனைத் திறந்தால் அத்தனை பேர் கண்ணும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். அப்புறம் எல்லோரும் முட்டி பிடித்து வடக்கே அளப்பார்கள். பிறகு தெற்கே திரும்பச் சொல்வேன். அகத்தியர் நட்சத்திரம், மாதத்தை மாற்றினால் தெற்குச் சிலுவை. வடதுருவ நட்சத்திரம், தெற்குச் சிலுவை இரண்டையும் பார்க்கக்கூடிய ஊரில் பிறந்திருக்கிறீர்கள் என்று சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

ஒருமுறை பேரனோடு வந்த ஆச்சி ஒருவர், பிள்ளையார் நோன்பு நாளின் வானத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகை கழிந்து 21ஆம் நாள், சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நேரத்தில் இழை எடுப்பார்கள்; அதாவது நூல் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு உண்பார்கள். தேதியைத் தள்ளி அந்த மார்கழி அந்தியை வைத்தேன். வளர்பிறைச் சந்திரன் கும்பத்தில் வந்து நின்றது. அந்த இடத்தைச் சிவப்பு ஒளியால் தொட்டுக் காட்டினேன். "தம்பி, அம்பது வருஷமா இழை எடுக்கிறேன், சதயம் எங்க இருக்குன்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். எந்தப் பதிவுப் படத்திலும் இது கிடைக்காது. பேசுகிற ஆள் வேண்டும்.

சரி, இப்போது கருவிக்கு வருகிறேன். நம் செம்மண் புழுதி புரொஜெக்டருக்குப் பெரிய எதிரி. உள்ளே இருக்கும் விசிறி காற்றை இழுக்க இழுக்க பில்டர் அடைத்துக்கொள்ளும், சூடு ஏறும், விளக்கின் ஆயுள் குறையும். வாரம் ஒருமுறை பில்டரைக் கழற்றித் தட்ட வேண்டும். லென்ஸை வேட்டித் தலைப்பால் துடைக்கவே கூடாது. புழுதியில் இருக்கும் மணல் மேற்பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் குமிழால் காற்று ஊதி, பிறகு மெல்லிய தூரிகை, அதற்கும் போகாத கறைக்கு மட்டும் லென்ஸ் தாளில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். விளக்கு பழசாகப் பழசாக மங்கும். அது ஒரே நாளில் தெரியாது. மங்கலான நட்சத்திரங்கள் முதலில் காணாமல் போகும். கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு எண்ணிய பிள்ளைகள் நாலு எண்ணத் தொடங்கினால் விளக்கைக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அணைக்கும் வரிசை. காட்சி முடிந்ததும் புரொஜெக்டரை அணைத்தாலும் அதன் விசிறி சில நிமிடம் ஓடி விளக்கைக் குளிர்விக்கும். அதுவரை மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது. நான் ஒரு வாரம் விடுப்பில் இருந்தபோது, மின்சாரம் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் யாரோ உடனே மெயினை அணைத்திருக்கிறார்கள். அப்படிச் சில நாள் நடந்ததும் விளக்கு போய்விட்டது. புது விளக்குக்கு எழுதிக் கேட்டேன். வாங்குவதற்கு ஒதுக்கீடு இருந்தது. விளக்கு மாற்ற எந்தக் கணக்கிலும் இடமில்லை. நான்கு மாதம் ஆனது. காட்சிதான் இல்லையே என்று ஏசியையும் நிறுத்தினார்கள். அது ஐப்பசி மழை. கம்பளம் ஈரம் குடித்தது, லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்தது. விளக்கு வந்த அன்று போட்டுப் பார்த்தேன். வானம் முழுக்கச் சிலந்தி வலை கட்டியதுபோல் இருந்தது. லென்ஸை மாற்றுவதற்கான தொகையைக் கேட்டதும் அறையைப் பூட்டிவிட்டார்கள். இப்போது அங்கே பழைய பெஞ்சுகள் கிடக்கின்றன. அந்த வழியாகப் போகும்போது இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

இன்றைய லேசர் புரொஜெக்டர்களில் விளக்கு மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் புழுதியும் சூடும் ஈரமும் அதையும் விடாது. யூ.பி.எஸ். பேட்டரியும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இது கொடைக்குக் குறைவில்லாத மண். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953ல் இங்கே திறக்கப்பட்டது. கோளரங்கம் கட்டித் தரவும் யாராவது நிச்சயம் முன்வருவார்கள். அவர்களிடம் நான் கேட்பது வேறொன்று. கோயிலுக்கு விளக்குக் கட்டளை வைப்பது நமக்குப் புதிதல்ல. மூலதனத்தைத் தொடாமல் வைத்து, அதன் வட்டியில் எண்ணெயும் திரியும் தவறாமல் போய்ச் சேரும்படி செய்தார்கள் நம் முன்னோர். காசி விசுவநாதருக்கு, அங்கே நகரத்தார் நடத்தும் நகரச் சத்திரத்திலிருந்து இன்றும் நாள்தோறும் பூசைப் பொருள் போகிறது. கோளரங்கத்துக்கும் அப்படி ஒரு விளக்குக் கட்டளை வையுங்கள். கட்ட ஆகும் செலவில் நாலில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வைத்து, அதன் வட்டியில் விளக்கு, பில்டர், பேட்டரி, ஏசி, முக்கியமாகப் பேசத் தெரிந்த ஒரு ஆளுக்குச் சம்பளம் ஆகியவற்றைப் பாருங்கள். அதற்குப் பணம் போதாவிட்டால் குவிமாடத்தை ஒரு மீட்டர் சிறிதாகக் கட்டுங்கள்.

எந்த சுவிட்சை எப்போது அணைப்பது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிளம்பும்போது எடுத்து வந்தேன். பத்திரமாக இருக்கிறது. அந்த அன்பருக்கு வேண்டுமானால் படி எடுத்து அனுப்புகிறேன். ஆள் கிடைத்தால் பழக்கிக் கொடுக்கவும் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
காரைக்குடி.