சீட்டை இறக்கினால் மட்டும் போதாது

அன்புள்ள கமலா,

உன் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரமாகிவிட்டது. சின்னவளுக்கு வேலை மாற்றலாகி, அவளை மூட்டை முடிச்சோடு அனுப்பிவைத்த கையோடு இதை எழுதுகிறேன். வீடு ஒரே நாளில் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. நீ ஓய்வு பெற்ற செய்தி படித்துச் சந்தோஷம். முப்பது வருஷம் நாற்காலியைத் தேய்த்தவள் இனி சைக்கிள் சீட்டைத் தேய்க்கப் போகிறேன் என்கிறாய். சரி, தேய்.

"நீதான் மூன்று வருஷமாக வீட்டுக்குள்ளேயே ஓட்டுகிறாயே, நல்லதாக ஒரு சைக்கிள் சொல்" என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டாய். நல்ல சைக்கிள் நிறைய இருக்கிறது. ஆனால் வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சில் உட்கார்ந்த ஜோடி நாம், படிப்பால் இல்லை, உயரத்தால். அந்த முதல் பெஞ்சுக்காரிகளுக்கு எது நல்லது என்பதில்தான் சிக்கல்.

நான் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். முதலில் வாங்கிய ஸ்பின் பைக்கின் (நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள்) பெட்டியில் "150 செ.மீ. முதல் 190 செ.மீ. வரை" என்று அச்சடித்திருந்தது. என் உயரம் 151. பாஸ் மார்க் வாங்கிவிட்டோம் என்று துணிந்து வாங்கினேன். சீட்டைக் கடைசித் துளைவரை இறக்கி, ஏறி உட்கார்ந்து மிதித்தால், பெடல் அடிக்குப் போகும்போது பாதம் எட்டவில்லை. கட்டைவிரலால் துழாவிப் பிடிக்க வேண்டியிருந்தது. வலது பெடல் இறங்கினால் வலது இடுப்பும் கூடவே இறங்கும், இடது இறங்கினால் இடது. பின்னாலிருந்து பார்த்த என் தம்பி, "அக்கா, தொட்டில் ஆடுகிற மாதிரி இருக்கிறது" என்றான். பத்தாம் நாள் முழங்காலின் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. விற்றவர்களைக் கேட்டதற்கு, "பழகினால் சரியாகிவிடும் மேடம்" என்றார்கள். பழகவில்லை. இப்போது அது தம்பி வீட்டில் இருக்கிறது. அவனுக்கு அச்சில் வார்த்தது போல் பொருந்துகிறது.

அதற்கப்புறம்தான் டேப்பை எடுத்தேன். நீ வாங்குவதற்கு முன்னாலேயே எடு. செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நின்று, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே செருகி, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்து. புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு. தரையிலிருந்து அந்தக் கோடுவரை உள்ளதுதான் உள்கால் அளவு. மூன்று முறை எடுத்துப் பார், முதல் முறை எல்லோருமே வெட்கப்பட்டுக்கொண்டு குறைவாகத்தான் அழுத்துவோம். எனக்கு 68 செ.மீ. வந்தது. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு நாலைந்து செ.மீ. வித்தியாசப்படலாம். அதனால்தான் பெட்டியில் போட்டிருக்கும் உயரக் கணக்கை நான் இப்போதெல்லாம் படிப்பதே இல்லை.

இனி கொஞ்சம் கணக்கு. முகம் சுளிக்காதே, கணக்கில் நீதான் என்னைவிட அதிக மார்க் வாங்குவாய். சீட் உயரத்துக்கு இரண்டு சூத்திரம் பிரபலம். ஒன்று, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரில் வழங்குவது. உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்கின் நடு அச்சிலிருந்து சீட் உச்சிவரை உள்ள உயரம் கிடைக்கும். கிராங்க் என்றால் பெடலை நடு அச்சோடு இணைக்கிற அந்தக் கை. இன்னொன்று 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் சொன்னது. பெடல் அடியில் இருக்கும்போது, பெடலிலிருந்து சீட் உச்சிவரை உள்கால் அளவில் 109 சதவீதம் இருக்க வேண்டும். அதில் கிராங்கின் நீளம் 17 செ.மீ.யைக் கழித்தால் இதுவும் நடு அச்சிலிருந்து உள்ள உயரமாகிவிடும். உள்கால் 85 செ.மீ. உள்ள நெட்டை ஆளுக்கு இரண்டுமே கிட்டத்தட்ட 75 செ.மீ. என்று ஒரே விடை தரும். என் 68-ஐப் போட்டுப் பார்த்தேன். முதல் சூத்திரம் 60 செ.மீ. என்றது, இரண்டாவது 57 என்றது. மூன்று செ.மீ. பிசகு! சீட் விஷயத்தில் அது முழங்கால் தாங்குகிற தூரமில்லை.

ஏன் இப்படி? முதல் சூத்திரம் முழுக்கக் காலோடு சேர்ந்து சுருங்குகிறது, கிராங்க் சுருங்குவதில்லை. கிராங்க் என்றால் பெடலை நடு அச்சோடு இணைக்கிற அந்தக் கை. ஸ்பின் பைக்குகளில் பெரும்பாலும் அது 170 மி.மீ.தான், ஓட்டுகிறவர் ஆறடியாக இருந்தாலும் ஐந்தடிக்குக் கீழே இருந்தாலும். சீட்டை ஏற்றலாம் இறக்கலாம், ஹேண்டில்பாரை முன்னே பின்னே தள்ளலாம், இதை மாற்ற மட்டும் எந்தக் குமிழும் கிடையாது. என் உள்காலுக்கு 170 எப்படிப்பட்டது தெரியுமா? விகிதம் போட்டுப் பார்த்தால் அந்த 85 செ.மீ. உள்கால்காரரிடம் 212 மி.மீ. கிராங்கைக் கொடுத்து ஓட்டச் சொல்வதற்குச் சமம். அவர் முதல் சுற்றிலேயே இறங்கிப் போய்விடுவார். நாம் மட்டும் "நமக்குத்தான் பழகவில்லை போல" என்று மிதித்துக்கொண்டிருக்கிறோம்.

கெடுதல் அடியில் மட்டும் இல்லை, உச்சியில்தான் அதிகம். பெடல் மேலே வரும்போது முழங்கால் மடங்கி நெஞ்சுப் பக்கமாக ஏறுகிறது. கிராங்க் நீளமாக இருந்தால் மடக்கு அதிகம், இடுப்பு மூட்டிலும் நெருக்கடி. கிராங்கை 15 மி.மீ. குறைத்தால் அடியில் அதே நீட்டம் கிடைக்க சீட்டை 15 மி.மீ. ஏற்றிக்கொள்ளலாம், அப்போது உச்சியில் முழங்காலுக்கு 30 மி.மீ. இடம் கிடைக்கும். சீட் போதுமான அளவு இறங்கமாட்டேன் என்கிற சைக்கிளிலும் இதுவே பாதித் தீர்வு, ஏனென்றால் இனி அவ்வளவு இறக்க வேண்டியதே இல்லை.

கிராங்க் குட்டையானால் சக்தி போய்விடுமே என்று கேட்பாய். ஜேம்ஸ் மார்ட்டினும் வானீன் ஸ்பிர்டுசோவும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற 16 சைக்கிள் வீரர்களை 120, 145, 170, 195, 220 மி.மீ. என்று ஐந்து நீளங்களில் முழு மூச்சாக மிதிக்க வைத்தார்கள். 145-இலும் 170-இலும்தான் உச்ச சக்தி. 120, 220 என்ற இரண்டு ஓரங்களில்கூட இழப்பு ஏறத்தாழ 4 சதவீதம்தான். டூர் டி பிரான்ஸ் வென்ற, 176 செ.மீ. உயரமுள்ள தாடேய் போகாச்சார் 2024-இல் 165 மி.மீ. கிராங்குக்கு மாறினார். அவருக்கே 165 என்றால் உனக்கும் எனக்கும் 170 எதற்கு? குட்டைக் கிராங்கில் மிதிக்கக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைப்படும், உண்மை. மிதிக்கும் கனத்தைக் கூட்டிக் குறைக்கிற தடைக் குமிழை ஒரு திருகு குறைத்துவிட்டு, காலைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் கணக்கு நேராகிவிடும்.

ஆகவே கடையில் மூன்று கேள்வி கேள். சீட் அதிகபட்சம் எவ்வளவு இறங்கும், அதையும் நடு அச்சிலிருந்து அளந்து சொல்லச் சொல். கிராங்க் எத்தனை மி.மீ.? அதைக் கழற்றி வேறு போட முடியுமா? மூன்றாவதற்கு விற்பவர் விழித்தால் கவலைப்படாதே, முதல் இரண்டுக்கும் விழித்தால் வெளியே வந்துவிடு. நடு அச்சின் முனை சதுரமாக இருந்தால் 150, 155 மி.மீ. கிராங்க் தேடிப் போட வழியுண்டு. அந்த நிறுவனத்துக்கே உரிய தனி வடிவம் என்றால் மாட்டிக்கொண்டாய், என் முதல் சைக்கிள் அப்படித்தான். இரண்டாவதில் சைக்கிள் மெக்கானிக் ஒருவரை வைத்து 155 போட்டேன். சீட் இப்போது 58.5 செ.மீ.யில் நிற்கிறது, இடுப்பு ஆடுவதில்லை. விலை கூடிய ஸ்மார்ட் பைக்குகள் சிலவற்றில் கிராங்கிலேயே ஐந்து துளை போட்டு நீளத்தை மாற்றிக்கொள்ள விட்டிருக்கிறார்கள், வாஹூ கிக்கர் பைக் அப்படி. ஆனால் அதிலும் குறைந்தபட்சம் 165தான்.

அடுத்தது எட்டம், அதாவது சீட்டிலிருந்து ஹேண்டில்பாருக்குக் கை எட்ட வேண்டிய தூரம். ஹேண்டில்பார் மேலும் கீழும் மட்டும் நகர்கிற மாடலை வாங்காதே. முன்னும் பின்னும் நகர வேண்டும். நகராவிட்டால் என்ன செய்வோம் தெரியுமா, கை எட்டுவதற்காகச் சீட்டை முன்னால் தள்ளுவோம். முழங்கால் பெடலைத் தாண்டி முன்னே போய்விடும், அப்புறம் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். பெடல்கள் தரைக்கு இணையாக நிற்கும்போது, முன்கால் முட்டிக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலிருந்து கொத்தனார் மாதிரி ஒரு தூக்குக்குண்டு தொங்கவிடு. அது பெடல் அச்சின் மேல் விழுந்தால் தொடங்குவதற்கு அது போதும். வலியை வைத்தும் கண்டுபிடிக்கலாம்: முட்டியின் பின்பக்கம் என்றால் சீட் உயரம், முன்பக்கம் என்றால் சீட் தாழ்வு அல்லது ரொம்ப முன்னால், உள்ளங்கை மரத்தால் எட்டம் அதிகம்.

உன் பெண் விட்டுப்போன அந்தச் சின்ன சைக்கிள் இன்னும் இருக்கிறதா? அது உனக்கு வெளியில் ஓட்டச் சரியாக இருந்தால், ஸ்பின் பைக்கே வேண்டாம். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேராக மாட்டுகிற ட்ரெய்னர் போதும். அளவு ஏற்கெனவே பொருந்திய சைக்கிளைவிட எந்தக் குமிழும் நன்றாகப் பொருத்தாது. இரண்டு சங்கதி மட்டும் பார்க்க வேண்டும். பின் அச்சின் அகலமும் பல்சக்கரமும் ட்ரெய்னரோடு ஒத்துப்போக வேண்டும். அப்புறம், பெரும்பாலான ட்ரெய்னர்கள் பெரிய சக்கர உயரத்துக்குச் செய்யப்பட்டவை. உன்னுடையது 24 அங்குலம் என்றால் பின்பக்கம் தூக்கி நிற்கும், வழுக்கி முன்னால் போய்க்கொண்டே இருப்பாய். முன்சக்கரத்துக்கு அடியில் நாலு செ.மீ. கட்டை வைத்தால் சமமாகிவிடும்.

ஃப்ளைவீல் என்கிற கனச் சக்கரம் எத்தனை கிலோ, திரை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் கடைசியில் பார்க்கலாம். மின்விசிறி மட்டும் முதல் நாளிலேயே வேண்டும், வீட்டுக்குள் எதிர்காற்று கிடையாது.

ஸ்பின் பைக்தான் என்று முடிவு செய்தால் ஓர் எச்சரிக்கை. பல மாடல்களில் ஃப்ளைவீல் பெடலோடு பூட்டியிருக்கும், நீ நிறுத்தினாலும் பெடல் நிற்காது, காலைச் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றும். சரியான உயரத்தில் உட்கார்ந்தால் நமக்குத் தரையும் எட்டாது. ஒரு முறை தொலைபேசி அடிக்கிறதே என்று அவசரமாக இறங்கப் போய், சுற்றிவந்த பெடல் கெண்டைக்காலில் வெட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. தடைக் குமிழை அழுத்தி முழுவதும் நின்ற பிறகுதான் இறங்கு. பக்கத்தில் ஒரு சின்ன மணை போட்டு வை.

உள்கால் அளவை எடுத்து அடுத்த கடிதத்தில் எழுது. வாங்கப் போகிற மாடலின் பெயரையும் எழுது, நான் இங்கே கணக்குப் போட்டு வைக்கிறேன்.

உன்,
சுந்தரி

பி.கு.: பெடலை நீயே மாட்டப் போகிறாய் என்றால், இடது பெடலின் மரை தலைகீழ். இறுக்குவதற்கு இடப்பக்கமாகத் திருக வேண்டும். வழக்கம்போல வலப்பக்கம் திருகி, மாட்டவில்லையே என்று பலத்தைக் காட்டிவிடாதே, கிராங்கின் மரை போய்விடும்.