நல்லது என்று சொன்னேனாம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவை நான்கு முறை கேட்டுவிட்டேன். ஜாஸ் பாட்டில் தாளத்தின் அடிக்கொரு சுரமாக நடந்துபோன உன் விரல்கள், அடுத்துவந்த ரெகேயில் முதலடியையே தொடாமல் பொறுத்திருந்த இடத்தில், என்னையறியாமல் ‘அப்படிப் போடு’ என்று சொல்லிவிட்டேன். யாரோடு பேசுகிறீர்கள் என்று உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டாளாம். ஒரே பேஸ் கிட்டார், நான்கே தந்திகள், ஆனால் பாட்டுக்குப் பாட்டு வேறு ஆள் வாசிப்பதுபோல் இருக்கிறது. எனக்கு அது நாற்பது வயதுக்குமேல்தான் கைவந்தது. ஃபங்க் பாட்டில் மட்டும் கட்டைவிரலை அதிகம் நம்புகிறாய். மோட்டவுன் இசைநிறுவனப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சன் ஒற்றைச் சுட்டுவிரலால் மீட்டியே அத்தனை பாட்டுகளையும் வாசித்தார் என்று எழுதினால் ‘ஆரம்பித்துவிட்டீர்களா’ என்பாய்.

கழுத்தில் உலோகக் கட்டைகள் இல்லாத உன் ஃப்ரெட்லெஸ் பேஸில், சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் தந்தி மாட்டியிருப்பதைப் படத்தில் பார்த்தேன். அது விரல் பதியும் ஃபிங்கர்போர்டின் மரத்தை அரித்துவிடும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? ஃப்ரெட்லெஸ்ஸுக்குப் பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸும் அதைத்தானே மாட்டினார் என்று பதில் வைத்திருப்பாய். அவர் மரத்தின்மேல் ஈபாக்சி என்ற கெட்டியான பூச்சைப் பூசியிருந்தார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவாய்.

அது போகட்டும். அதே படத்தில் நீ டிரம்மரின் ஹை-ஹாட்டை, அந்த ஜோடி சிம்பலை, ஒட்டி நிற்கிறாய். காதில் இயர் பிளக் இல்லை. போட்டுக்கொள் அம்மா. பேஸ் வாசிப்பவரின் காதுக்கு அவருடைய ஆம்ப்ளிஃபயரைவிடப் பக்கத்திலிருக்கும் சிம்பல்தான் பகை. 85 டெசிபல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்று வைத்திருக்கும் கணக்கில், 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலை எட்டினால் கால் மணி நேரம்தான். மேடைக்கு மட்டுமல்ல, ஒத்திகைக்கும் போட்டுக்கொள்.

சென்ற மாதம் நீ பேசியபோது நெடுநேரம் ஏதோ சொன்னாய். நடுவில் உன் குரல் தாழ்ந்தது. நான் ‘நல்லது, அப்படியே செய்’ என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதன்பிறகு ஒலிப்பதிவு வருகிறது, படம் வருகிறது, உன் குரல் மட்டும் வரவில்லை. அம்மா கேட்டதற்கு ‘அப்பாதான் சொல்லிவிட்டாரே’ என்றாயாம். எதை நல்லது என்று சொன்னேன் என்பது எனக்குத் தெரியாது. அன்று நீ பேசியதில் பாதிக்குமேல் எனக்குக் கேட்கவில்லை.

மூன்று ஆண்டுகளாகவே இரண்டு காதிலும் ஓயாத ரீங்காரம். சத்தத்தால் கெடும் காதில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிதான் முதலில் மங்குகிறது. பேச்சில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் மெல்லிய உரசொலிகள் பலவும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. 41 ஹெர்ட்ஸில் அதிரும் ஈ தந்தியோ இன்றும் எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. அதனாலேயே எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சமாளிக்கவும் பழகிவிட்டேன். போனில் முகம் இல்லை. அம்மாவுக்கும் நான் இன்னும் சொல்லவில்லை.

உனக்குப் பதினாறு வயதில், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நீ ஒத்திகைக்கு வந்த நாளை நான் மறக்கவில்லை. வாசிக்கிறவன் காதை மூடிக்கொள்வானா என்று எல்லோர் முன்னிலும் சிரித்து, அதை எடுக்கவைத்தவன் நான்தான். நீ எதுவும் பேசாமல் எடுத்துவிட்டு, அன்று முழுவதும் எனக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்தாய். இன்றைக்கும் நீ வெறுங்காதோடு நிற்கிறாய் என்றால், அது என்னிடம் கற்றுக்கொண்டதாகத்தான் இருக்கும்.

அன்று சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பு. அது நல்லதா இல்லையா என்பதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். இயர் பிளக் வாங்கிவிட்டாயா என்பதையும் அதிலேயே எழுது.

அப்பா