கார்பன் ஆய்வுக்கான கேள்விகளை முடிவெடுப்போரும் சேர்ந்து வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கார்பன் சுழற்சி ஆய்வில் ஈடுபட்டுள்ளோர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
காலநிலை மாற்றத் துறை

பொருள்: காலநிலை, கார்பன் ஆய்வுகள் அரசின் முடிவுகளுக்குப் பயன்படுமாறு ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். காலநிலை ஆய்வுக்கு அரசு நிதி தருகிறது, ஆய்வு நடக்கிறது, கட்டுரைகளும் வெளிவருகின்றன. ஆனால் குப்பைக் கிடங்கு, மின் திட்டம், காடு வளர்ப்பு பற்றிய கோப்பு தங்கள் மேசைக்கு வரும்போது அந்த ஆய்வு அதில் இருப்பதில்லை. இருந்தாலும் எடுத்தாளும் நிலையில் இருப்பதில்லை. "கொள்கை வகுப்போருக்கு இது உதவும்" என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தால் உதவிவிடும் என்ற நம்பிக்கை எங்கள் துறையில் நெடுநாளாக உண்டு.

குப்பைக் கிடங்குகளிலிருந்தும் வெளியாகும் மீத்தேன் வாயுவை எடுத்துக்கொள்வோம். புவியைச் சூடாக்குவதில், நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் 27 முதல் 30 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இருபது ஆண்டுக் கணக்கில் அதே ஒரு டன் 80 டன்னையும் தாண்டும். வளிமண்டலத்தில் அது சுமார் 12 ஆண்டுகளே தங்குவதால் வரும் வேறுபாடு இது. இரண்டு எண்ணும் சரிதான். நிதி குறைவாக இருக்கையில், குப்பைக் கிடங்கின் வாயுவை முதலில் பிடிப்பதா, அனல்மின் உற்பத்தியை முதலில் குறைப்பதா என்ற வரிசையே இதனால் மாறலாம். எந்தக் கால அளவைக் கொள்வது என்பதை அறிவியல் மட்டுமே தீர்த்துவிட முடியாது. முடிவெடுப்பவர் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போதோ ஆய்வாளரே அடிக்குறிப்பில் தேர்ந்துவிடுகிறார். கோப்புக்கு ஒரே எண்தான் வந்து சேர்கிறது.

காடுகளின் கணக்கில் சிக்கல் இன்னும் பெரிது. தம் நாட்டில் எவ்வளவு வாயு வெளியாகிறது, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அரசுகள் சமர்ப்பிக்கும் உமிழ்வுப் பட்டியலில், பராமரிப்பிலுள்ள காடு உறிஞ்சும் கார்பன் பெரும்பாலும் மனிதச் செயலின் வரவாகவே சேர்கிறது. உலகளாவிய கணினி மாதிரிகளோ, காற்றில் கூடிய கார்பன் டை ஆக்சைடால் மரங்கள் தாமாகக் கூடுதலாக வளர்வதை இயற்கையின் கணக்கில் வைக்கின்றன. இரண்டுக்கும் இடையே உலக அளவில் ஆண்டுக்குப் பல நூறு கோடி டன் இடைவெளி. இலக்கை மாதிரியிலிருந்தும் சாதனையைப் பட்டியலிலிருந்தும் எடுத்தால், நிகர பூஜ்யம், அதாவது வெளியிடுவதும் உறிஞ்சுவதும் சமமாகும் நிலை, உண்மையில் இருப்பதைவிட அருகில் தெரியும். ஒரு டன் கார்பன் என்பது 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு என்ற எளிய அலகு மாற்றம்கூடப் பல அறிக்கைகளில் தெளிவாக இல்லை.

காலநிலை அறிவியலை மதிப்பிட 1988இல் அமைந்த பன்னாட்டு அரசுகளின் குழுவான ஐபிசிசி, கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை அரசுப் பிரதிநிதிகளுடன் வரிக்கு வரி விவாதித்தே ஏற்கிறது. அதனால் சொற்கள் மழுங்குகின்றன என்ற குறை உண்டு. ஆனாலும் அரசுகள் பின்னர் அதை அந்நியமான அறிக்கை என்று தள்ள முடிவதில்லை. ஆறேழு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த உலக அறிக்கை அடுத்த மாதக் கோப்புக்குப் போதாது.

ஆகவே, ஆய்வு நிதி அறிவிப்பு வெளியாகும் முன்பே, அடுத்த மூன்று ஆண்டுகளில் எடுக்கவிருக்கும் முடிவுகளையும் அவற்றின் காலக்கெடுவையும் துறை அலுவலர்கள் எங்களுடன் அமர்ந்து பட்டியலிட ஆணையிட வேண்டுகிறோம். நிதி பெறும் ஒவ்வொரு ஆய்வும் அலகு, அடிப்படை ஆண்டு, கால அளவு, பிழை வரம்பு ஆகியவற்றைச் சொல்லும் இரண்டு பக்கக் குறிப்பைத் தர வேண்டும். அதைப் படித்துத் திருப்பிக் கேள்வி கேட்கத் துறையில் ஒரு நிரந்தர அலுவலர் வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது இதுவே.

உடனடித் தேவைக்கான ஆய்வை வேண்டும்போது நீண்டகால அளவீடுகளின் நிதியைக் குறைத்துவிட வேண்டாம். 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அறிவியலாளர் சார்லஸ் கீலிங் தொடங்கிய, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் அளவீடு, 1964இல் நிதி வெட்டால் சில மாதங்கள் நின்றது. அன்று எந்தக் கோப்புக்கும் தேவைப்படாத அந்த வரிசையே இன்று எல்லாக் கோப்புகளுக்கும் அடித்தளம்.

முதல் கூட்டத்துக்குத் தாங்கள் நாள் குறித்தால், மீத்தேன், காடு ஆகிய இரண்டுக்கும் மாதிரிக் குறிப்புகளைத் தயாரித்துக் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார்பன் சுழற்சி ஆய்வாளர்கள்