முதலில் அடித்தகடு, அதன் பிறகே வின்ச்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழ்ப்பழனி மலையில் காபியும் மிளகும் பயிரிடும் எங்களுக்கு உரமூட்டை ஏற்றுவதற்கும், காபிப் பழத்தை இறக்குவதற்கும், அவசர வேளையில் நோயாளியைத் தார்ச்சாலை வரை கொண்டு சேர்ப்பதற்கும் ஃபோர் வீல் ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை. இத்தகைய வண்டிகளின் முன்பக்கத்தில், மோட்டாரால் உருளையில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ச் பொருத்தும் வழக்கம் அண்மைக் காலமாகப் பெருகி வருகிறது. சேற்றில் சிக்கிய வண்டியை அதன் சொந்த வலுவிலேயே மீட்க உதவும் கருவி என்பதால் இதை நான் வரவேற்கிறேன். ஆனால், கடையில் இருப்பதிலேயே பெரிய வின்ச்சை வாங்கி மாட்டிவிட்டு, வண்டியின் அடிப்பகுதிக்குக் காப்பாக அடித்தகடு போடாமல் விடுவது செலவின் வரிசையையே தலைகீழாக்குவதாகும். இதைத் தங்கள் நாளிதழ் வழியாக மலை விவசாயிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சேற்றில் புதைந்த வண்டி அங்கேயே நிற்கும். மறுநாள் டிராக்டரைக் கொண்டுவந்தோ ஆள்கூட்டியோ அதை எடுத்துவிடலாம். பாறையில் மோதி, இஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சேம்பர் உடைந்த வண்டியின் கதை அப்படியல்ல. எண்ணெய் வடிந்ததைக் கவனிக்காமல் சிறிது தொலைவு ஓட்டினாலே இஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு பெரிய வின்ச் இருந்தும் பயன் குறைவு, ஏனெனில் மின்சார வின்ச் நீடித்து உழைக்க வேண்டுமானால் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் தோட்டப் பாதைகளில் சக்கரத் தடங்கள் இரண்டும் ஆண்டுக்காண்டு ஆழமாகி, நடுவிலுள்ள மேடு மட்டும் உயர்ந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த மேட்டின் மண்ணை அரித்த பிறகு உள்ளிருக்கும் கற்கள் தலைதூக்குகின்றன. அதற்கடுத்த மாதங்களில்தான் காபி அறுவடையும் முழு பாரத்தோடு வண்டி ஓட்டமும். எந்தக் கல் எப்போது வெளியே வந்தது என்பது அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் தெரிவதில்லை.

பல வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே இஞ்சினுக்கு அடியில் ஒரு மறைப்பு வருகிறது. பெரும்பாலும் அது தண்ணீரும் சிறு கற்களும் தெறிப்பதைத் தடுப்பதற்கான மெல்லிய தகடு அல்லது பிளாஸ்டிக்கே தவிர, வண்டியின் எடையைத் தாங்குவதற்கானது அன்று. ஆயில் சேம்பர், கியர் பாக்ஸ், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், டீசல் டேங்க் ஆகிய நான்குக்கும் இந்த வரிசையில் தகடு போட வேண்டும் என்பது என் கருத்து. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பணமில்லை என்றால் முதல் இரண்டையாவது முடித்துவிட வேண்டும்.

இரும்பா, அலுமினியமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஏறத்தாழ 23.5 கிலோ எடையுள்ளது. அதே பரப்பில் 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு 16 கிலோவைச் சற்றே தாண்டும். எடை ஒன்றையே பார்த்தால் அலுமினியம் வெல்கிறது. ஆனால் பழனி மலையின் பாறை மிகக் கடினமானது. அதன் கூர்முனையில் மென்மையான அலுமினியம் கீறுண்டு சிக்கிக்கொள்ளும். இரும்போ வழுக்கிக்கொண்டு கடந்துவிடும். வளைந்த இரும்புத் தகட்டை வத்தலக்குண்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ எந்தப் பட்டறையிலும் தட்டி நிமிர்த்தி வெல்டிங் வைத்துக்கொள்ள முடியும். அலுமினியத்தை முறையாகப் பற்றவைக்கும் இடம் தேடித்தான் போக வேண்டும். ஆகவே பாரம் ஏற்றும் ஜீப்புக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் இரும்பு, எடை குறைந்த சிறிய வண்டிக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் அலுமினியம் என்று பிரித்துக்கொள்வது பொருந்தும்.

தகட்டைப் பொருத்தும் முறை உலோகத்தைவிட முக்கியமானது. தகடு வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் மூலம் பிடிக்கப்பட வேண்டும். கியர் பாக்ஸின் உறையில் மாட்டினால் பாறையின் அடி நேராக அந்த உறைக்கே போய்ச் சேரும். சேஸிஸில் வெல்டிங் வைப்பதும் கூடாது, அது அடிச்சட்டத்தின் உறுதியைக் கெடுக்கும். போல்ட்டின் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் முதல் கல்லிலேயே மழுங்கிவிடும். பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. தகட்டுக்கும் ஆயில் சேம்பருக்கும் நடுவே இரண்டு விரல் அளவாவது இடைவெளி வேண்டும். எண்ணெய் மாற்றுவதற்கான துளையும், சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதற்கான திறப்புகளும் இல்லாத தகட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

கடைக்காரர்கள் ஏனோ பேசாத ஆபத்து ஒன்றும் உண்டு. தகட்டுக்கும் வண்டிக்கும் நடுவே காய்ந்த புல்லும் சருகும் சேர்ந்துகொண்டே இருக்கும். இப்போதைய டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன்னில் படிந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது புகைக்குழாயின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். மாசி முதல் சித்திரை வரை புல்மேடுகள் காய்ந்து கிடக்கும் மலையில், வண்டிக்கு அடியில் பிடிக்கும் ஒரு பொறி வண்டியோடு நிற்காது. கோடையில் ஒவ்வொரு வாரமும் தகட்டின் மேற்புறத்தைத் துப்புரவு செய்வதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். புகைக்குழாய்க்கு நேர் கீழே தகட்டை முழுவதுமாக மூடாமல் விடுவதும் நல்லது.

இனி வின்ச். அதன் இழுதிறன் வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. மொத்த எடை என்பது ஆளும் பாரமும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை. வெறும் வண்டியின் எடை அன்று. பாரத்தோடு 2500 கிலோ எடையுள்ள ஜீப்புக்கு 3750 கிலோ, அதாவது ஏறத்தாழ 8300 பவுண்டு இழுதிறன் தேவை. மாருதி ஜிம்னி போன்ற, மொத்த எடை 1545 கிலோ மட்டுமே உள்ள வண்டிக்குச் சுமார் 5100 பவுண்டு போதும். அதற்கும் 12,000 பவுண்டு வின்ச்சை மாட்டினால் முன் ஸ்பிரிங் தாழ்ந்து, அடிப்பகுதி தரையை இன்னும் நெருங்குகிறது. எந்தக் கல்லுக்காகத் தகடு போட்டோமோ அதே கல்லை நோக்கி நாமே வண்டியை இறக்குகிறோம்.

வின்ச்சின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண், உருளையில் கயிறு ஒரே ஒரு சுற்றடுக்காக இருக்கும் நிலைக்கானது. ஒவ்வோர் அடுக்கு கூடும்போதும் இழுதிறன் குறைந்துகொண்டே வந்து, மேல் அடுக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சக்கரத்தின் நடு அச்சு வரை புதைந்தால் வண்டியின் எடைக்கு இணையான இழுப்பும், மட்கார்டு வரை புதைந்தால் அதைப்போல் இரு மடங்கும் தேவைப்படும் என்பது ராணுவ மீட்புப் பணியில் கையாளப்படும் கணக்கு. 15 டிகிரி ஏற்றம் வண்டி எடையில் கால் பங்கைக் கூடுதலாகச் சேர்க்கும். இத்தனைக்கும் ஈடாகப் பெரிய வின்ச் தேடுவதைவிட ஒரு நல்ல கப்பி வாங்குவது அறிவுடைமை. கயிற்றைக் கப்பி வழியாக வண்டிக்கே திருப்பிக் கட்டினால் வேகம் பாதியாகும், இழுப்போ ஏறத்தாழ இரு மடங்காகும். முழுப் பாரத்தில் வின்ச்சின் மோட்டார் 400 ஆம்பியர் வரை மின்னோட்டம் எடுப்பதால் பழைய பேட்டரியை நம்பக்கூடாது; சிறிது இழுத்து, மோட்டாரை ஆறவிட்டு மறுபடி இழுக்க வேண்டும்.

கம்பி வடமா, செயற்கை இழைக் கயிறா என்றால் நான் தயக்கமின்றி இழைக் கயிற்றையே பரிந்துரைப்பேன். இழுவிசையோடு அறுந்த கம்பி வடம் சாட்டையாகத் திரும்பி வந்து எதிரில் நிற்பவரின் உயிரைப் பறிக்கும். இழைக் கயிறு அந்த அளவு விசையைச் சேர்த்து வைப்பதில்லை. ஆனால் வெயிலும் மணலும் பாறை விளிம்பும் அதற்குப் பகை என்பதால் உறை போட்டுப் பாதுகாக்க வேண்டும். வின்ச்சிலிருந்து கயிறு வெளிவரும் இடத்தில், கம்பி வடம் உராய்ந்து சொரசொரப்பான பழைய உருளிகளின் வழியாக அதை ஓட்டக்கூடாது. எந்தக் கயிறானாலும் இழுக்கும்போது அதன்மேல் கனமான சாக்கையோ விரிப்பையோ போட்டு வைப்பதும், கயிற்றின் இருபுறமும் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வதும் ஓட்டுநரின் பொறுப்பு. எங்கள் பகுதியில் வண்டி சிக்கியதும் வேலையாட்கள் அனைவரும் சுற்றி நின்று கைகொடுக்க வருவார்கள். அந்த நல்ல மனத்தாலேயே அவர்கள் ஆபத்தில் சிக்கக்கூடாது.

கயிற்றை மரத்தில் நேரடியாகச் சுற்றும் பழக்கத்தையும் விட்டாக வேண்டும். காபித் தோட்டத்தின் நிழல் மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. கொடியும் போய், சுற்றிலும் பட்டை உரிந்து மரமும் பட்டுப்போனால், வண்டியை மீட்டதன் ஆதாயம் என்ன? 75 மில்லிமீட்டர் அகலமுள்ள பெல்ட்டை மரத்தின் அடித்தூரில் கட்டி, அதில் ஷேக்கிள் எனும் இரும்பு இணைப்பு வளையத்தை மாட்டி இழுப்பதே முறை.

வின்ச்சுக்காக முன் பம்பரையே மாற்றுவோர் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு, முன்பக்க இரும்புக் கம்பிகள் பாதசாரிகளுக்கும் பயணிகளுக்கும் ஆபத்தானவை எனக் கூறி, அவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே வின்ச்சை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து வடிவில் விளக்கம் பெற்றுக்கொள்வது பாதுகாப்பு.

இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். வின்ச் விற்போர் ஒவ்வோர் அடுக்குக்குமான இழுதிறனைக் கிலோவில், தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். வேளாண் இயந்திரங்களைப் பற்றிப் பயிற்சி அளிக்கும் மாநில வேளாண்மைப் பொறியியல் துறை, மலை வட்டாரங்களில் வண்டி மீட்புக்கான செயல்முறைப் பயிற்சியையும், எங்கள் ஓட்டுநர்களும் தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்து பங்கேற்கும் வகையில், ஐப்பசி மழைக்கு முன்பாக நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு காபி விவசாயி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்