இரவில் எங்களோடு விழித்திருந்தவர்களுக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். 15 வயதாகும் எங்கள் மகன் சென்ற ஆண்டு ஆடி மாதம் தொடங்கி ஏறத்தாழ ஏழு மாதங்கள், இரவில் தன் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு ஆள் நிற்பதாகச் சொல்லி நடுங்கிக்கொண்டிருந்ததை, திருநெல்வேலியில் எங்களை அறிந்தவர்கள் பலரும் அறிவீர்கள். நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றிதான் இது. அவனை விட்டுவிட்டு நானும் என் கணவரும் சேர்ந்து வெளியே கிளம்புவது இன்னும் முடியாததால், மடலாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள அவன் பேசுவான். ஆனால் எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். "ஒண்ணும் இல்லடா, கண்ண மூடிப் படு" என்றேன். மூடினாலும் தெரிகிறது என்றான். "சாமி பாத்துக்கிடும்" என்று என் மாமியார் தேற்றியபோது, "சாமியும் அவனைப் பாக்குமா?" என்று கேட்டவன், ஒரு வாரம் பூஜை அறைப் பக்கமே போகவில்லை. காத்துக் கருப்பு என்று யாரோ சொன்னதை நம்பி, வேப்பிலை அடித்து மந்திரிக்கும் ஒருவரிடம் அவனை அழைத்துப்போனதும் நாங்கள்தான். சட்டைக் கழுத்தில் உள்ள துணிப்பட்டையைக்கூடத் தாங்காத பிள்ளையின் மணிக்கட்டில் அங்கே ஒரு கறுப்புக் கயிறு கட்டினார்கள். அதைப் பிய்த்துப் பிய்த்து அவன் கையில் ரத்தம் வந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்படி ஓர் இரவில், ஒரு மணிக்குமேல், வேறு வழி தெரியாமல் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் தமிழில் பேசிய அந்தப் பெண், மகனைப் பற்றிக் கேட்பதற்கு முன் "நீங்க சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டார். குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அவர் சொன்ன ஒரு சொல்லில்தான் எங்களுக்கு வழி திறந்தது.

அந்த மருத்துவருக்கு என் வணக்கம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம் என்பதாலும், அது வளரிளம் பருவத்தில் தலைகாட்டுவதுண்டு என்பதாலும், முதலில் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி சோதனை எடுத்து அந்த ஐயத்தைத் தீர்த்தார். பகலில் அவனுக்கு எந்த உருவமும் தெரிவதில்லை என்பதையும் பொறுமையாகக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு எங்களை உட்காரவைத்து, கனவு காணும் உறக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து கிடக்கும், சில வேளைகளில் அந்தத் தளர்ச்சி விலகுவதற்கு முன்பே மனம் விழித்துக்கொள்ளும், அப்போது கனவின் உருவம் கண்முன் நிற்கும், கையும் காலும் அசையாது, அது விட்ட பிறகுதான் பிள்ளை அலறுகிறான் என்று விளக்கினார். என் மாமியார் உடனே, "எங்க ஊர்ல அமுக்குவான் பேய்ன்னு சொல்லுவாங்களே, அதுதானா?" என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. "அதேதான் பாட்டி, பேரு வேற" என்றார். அன்றிலிருந்து மாலைத் தேநீரை நிறுத்தியதும், மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கப் பழக்கியதும், ஒன்பதரைக்கு விளக்கணைப்பதைத் தவறாமல் கடைப்பிடித்ததும் என் மாமியார்தான். நான் பல நாள் கோட்டைவிட்டேன்.

ஈஈஜி எடுத்த தம்பியையும் மறக்க முடியாது. தலையில் பசை படுவதை என் மகன் தாங்கமாட்டான் என்று தெரிந்ததும், முதல் மின்முனையைத் தன் நெற்றியிலேயே ஒட்டிக் காட்டி, மொத்தம் எத்தனை என்று எண்ணும் பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டார். 21 வரை எண்ணிய பிறகே அவன் மூச்சு சீரானது.

அவன் பள்ளியின் சிறப்பாசிரியைக்குத்தான் நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். அப்படி ஒருவன் இல்லை என்றும் சொல்லாமல், இருக்கிறான் என்றும் சொல்லாமல், "எப்படி இருப்பான், வரைஞ்சு காட்டு" என்று கேட்ட முதல் ஆள் அவர். ஏழு மாதமும் அலறலைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்த ஆளின் தலை தண்ணீர் டிரம் போல இருக்கும் என்பதோ, அவனுக்குக் கால்கள் கிடையாது என்பதோ தெரியாது. வரைந்த படத்தைப் பகல் வெளிச்சத்தில் மேசைமேல் வைத்து, இந்தக் கதை வேறு எப்படி முடியலாம் என்று நாள்தோறும் பத்து நிமிடம் பேசினார். ரயில் என்றால் உயிரை விடும் என் மகன், நான்காம் நாள், அட்டையில் ஒரு பயணச்சீட்டு எழுதினான்: நெல்லை எக்ஸ்பிரஸ், திருநெல்வேலி முதல் சென்னை எழும்பூர் வரை, ஒரு வழி மட்டும். வாஞ்சி மணியாச்சியில் இறங்கக் கூடாது என்று அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் உண்டு. அந்த அட்டை இப்போது அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

பேருந்து நிலைய வெளிச்சம் அறைக்குள் வராதபடி தடித்த திரை தைத்துக் கூலி வாங்க மறுத்த தையல்காரர் அண்ணாச்சிக்கும், மருத்துவமனைக்குப் போன நாட்களில் ஹாரன் அடிக்காமல், பாட்டுப் போடாமல் ஓட்டிய ஆட்டோக்காரத் தம்பிக்கும், அலறல் கேட்ட எந்த இரவிலும் கதவைத் தட்டிக் கோபிக்காமல், மறுநாள் காலையில் இட்லி கொடுத்தனுப்பிய கீழ்வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

அந்த ஆள் முற்றிலும் போய்விடவில்லை. சென்ற மாதம் இரண்டு முறை வந்தான். இரண்டாம் முறை எங்களுக்கு இரவில் தெரியவே தெரியாது, காலையில் பல் துலக்கிக்கொண்டே, வாயில் நுரையோடு, "நேத்து வந்தான். டிக்கெட்டக் குடுத்தேன்" என்றான் என் மகன். ரயில் கிளம்பிவிட்டதா என்று கேட்டேன். லேட் என்றான்.

நன்றியுடன்,
அவன் அம்மா