‘விழு’ என்றால் கீழே வருவது மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார மாணவர் பக்கத்தில் ‘ஒரு பொருள் தரும் பல சொற்கள்’ என்று ஒரு கட்டம் போட்டு, ‘விழு’ என்பதற்கு நேராக வீழ், சாய், சரி, கவிழ், உதிர், சறுக்கு, இடறு என்று வரிசையாக அச்சிட்டிருந்தீர்கள். பிள்ளைகள் அந்தக் கட்டத்தை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள், எங்கள் வீட்டிலும் ஒட்டியாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தால் பெரும்பாலும் வாக்கியம் கெட்டுப்போகும், சில இடங்களில் செய்தியே மாறிவிடும்.

தென்னையிலிருந்து காய் விழும், உதிராது. புளியமரத்தை உலுக்கினால் பழம் உதிரும். ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்னப் பொருள்கள் கழன்று வருவதுதான் உதிர்வது, அதனால் இலை, பூ, முடி, சுவரில் பூசிய காரை எல்லாம் உதிரும். குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் காற்றடித்த மறுநாள் போய்க் கேட்டால் ‘வாழை சாஞ்சிடுச்சு’ என்பார்கள். கரும்பும் சாயும், ஆனால் சாய்ந்த கரும்புக்கு வேர் நிலத்தில்தான் இருக்கும், வெட்டி ஆலைக்கு அனுப்பலாம். அடுக்கின மூட்டை சரியும், மண்மேடு சரியும். லாரி கவிழும். இடறுவதும் சறுக்குவதும் விழுவதே இல்லை, விழுவதற்கு முன்னால் நடப்பவை. இடறினவன் சமாளித்து நின்றுவிடவும் கூடும்.

‘வீழ்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விழுவும் வீழும் ஒட்டிப் பிறந்தவைதான், சந்தேகமில்லை. ஆனால் இன்றைக்குக் குழந்தை தொட்டிலிலிருந்து வீழ்ந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்சி வீழும், அரசன் வீழ்வான், கோட்டை வீழும். எங்கள் வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1806 ஜூலை 10 அதிகாலையில் அது இந்தியச் சிப்பாய்களிடம் வீழ்ந்தது, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அதைத் திரும்பப் பிடித்தார். இதையே ‘கோட்டை விழுந்தது’ என்று எழுதிப் பாருங்கள், மதில் இடிந்துபோன மாதிரி ஆகிவிடும். அந்த மதில் இன்றும் அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கல் பெயராமல் நிற்கிறது.

வீழ் என்பதற்கு விரும்புதல் என்ற பழைய பொருளும் உண்டு. ‘தாம்வீழ்வார் தம்வீழப் பெற்றவர்’ என்று குறளில் (1191) வருகிறதே, அதற்குத் தாம் விரும்புகிறவர் தம்மையும் விரும்பப் பெற்றவர் என்று அர்த்தம். இதைக் காட்டி, ‘காதலில் விழுந்தேன்’ என்பது வள்ளுவர் காலத்து வழக்கு என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறளில் ஒருவரை வீழ்கிறார்கள், அதாவது ஒருவரை விரும்புகிறார்கள். காதல் என்ற ஏதோ ஒன்றுக்குள் போய் யாரும் விழவில்லை. இரண்டும் வேறு வேறு கட்டுமானம்.

அப்புறம், அதே பக்கத்தின் ஓரத்தில் ‘விழுப்புண் – கீழே விழுந்ததால் ஏற்படும் புண்’ என்று போட்டிருக்கிறீர்கள். இது தவறு, தயவுசெய்து திருத்தம் போடுங்கள். விழுப்புண் என்பது போரில் முகத்திலும் மார்பிலும் ஏற்கிற சிறப்பான புண். அந்த ‘விழு’ விழுப்பம், விழுமியம் என்ற சொற்களில் வருகிற ‘விழு’, அதற்குச் சிறப்பு, மேன்மை என்று பொருள். ‘விழுப்புண் படாதநாள் எல்லாம்’ (776) என்று வள்ளுவர் சொல்வது, அப்படிப்பட்ட புண் படாத நாள்களை வீரன் வீணாய்ப்போன நாள்களில் சேர்த்து எண்ணுவான் என்பதைத்தான். முட்டியில் சிராய்த்துக்கொண்டு வருகிற பையனுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய குறை வேறு ஒன்று. விழு என்பதற்குக் கீழே வருவது என்ற ஒரே பொருளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு நாள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் அந்த வினை எங்கெல்லாம் போகிறது என்று தெரியும். காதில் விழுந்தது, சாவு விழுந்தது, பட்டப்பெயர் விழுந்தது, சேலையில் மடிப்பு விழுந்தது, கண்ணில் பூ விழுந்தது, வழுக்கை விழுந்தது. பக்கவாதம் வந்தவரை இங்கே சிஎம்சி மருத்துவமனைக்கு அழைத்து வருகிறவர் ‘ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு’ என்பார், எதுவும் கீழே வந்திருக்காது. தூங்கி விழுகிறோம், எரிந்து விழுகிறோம், விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைப் பள்ளிப் புத்தகம் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. புத்தகத்தில் விழு தன்வினை என்றால் வீழ்த்து பிறவினை. சரி, ஆனால் பேச்சில் விழு என்பதற்கு ஜோடி ‘போடு’. ஓட்டுப் போட்டோம், அவருக்கு ஓட்டு விழுந்தது. முடிச்சுப் போட்டான், முடிச்சு விழுந்தது. கோடு போட்டாள், கோடு விழுந்தது. ஓட்டை போட்டான், ஓட்டை விழுந்தது. திரையைப் போட்டார்கள், திரை விழுந்தது. பழியைப் போட்டார்கள், என் மேல் விழுந்தது. சீட்டுப் போட்டோம், இந்த மாதம் எனக்கு விழுந்தது. கையில் இருக்கிற டம்ளரைக்கூட ‘கீழே போட்டுட்டேன்’ என்கிறோமே தவிர, வீழ்த்திவிட்டேன் என்கிறோமா? செய்தவன் முன்னால் நின்றால் போடு, செய்தவனை விட்டுவிட்டு நடந்ததை மட்டும் சொன்னால் விழு. இது தெரிந்த பிள்ளைக்குத் தன்வினையும் பிறவினையும் மனப்பாடம் செய்யாமலே புரியும்.

விலைக்கும் இதே கதைதான். ‘தக்காளி விலை விழுந்துடுச்சு’ என்றால் குறைந்துவிட்டது. ஆனால் நேதாஜி மார்க்கெட்டில் இரண்டு வியாபாரிகள் பேசும்போது ‘வண்டி வாடகை, கூலி எல்லாம் சேர்த்து கிலோ எவ்வளவு விழுது?’ என்றால் அடக்கம் என்ன ஆகிறது என்று கேட்கிறார்கள். அங்கே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோவுக்கும் வந்து சேர்கிற தொகை. நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்ல ‘விழுக்காடு’ என்று எழுதுகிறோமே, அதில் இருப்பதும் இந்த விழுதான். ஏட்டுச் சொல்லும் சந்தைச் சொல்லும் ஒன்றாகிற இடம் இது, இதைப் போட்டிருந்தால் மாணவர் பக்கம் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

எங்கள் வட ஆற்காட்டுப் பேச்சில் பலருக்கு ழகரம் யகரமாகிவிடும், ‘உயுந்துட்டான்’ என்பார்கள். அதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்க ஒன்றுமில்லை, விழுவையும் போடுவையும் இடம் பார்த்துச் சரியாகப் பேசுகிறவர்கள் அவர்கள்தான்.

செய்திப் பக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். குழாய் பதிக்கத் தோண்டிவிட்டு மூடாமல் விட்ட குழியில் இருட்டில் ஒருவர் வண்டியோடு விழுகிறார். மறுநாள் உங்கள் பத்திரிகையில் ‘நிலைதடுமாறி விழுந்தார்’ அல்லது ‘எதிர்பாராதவிதமாகத் தவறி விழுந்தார்’ என்று வருகிறது. அவர் என்ன தவறினார்? குழிக்கு முன்னால் ஒரு தடுப்புக்கூட இல்லை. ‘தவறி’ என்று போட்டதும் குற்றம் விழுந்தவர் மேல் போய்விடுகிறது. ‘சாலையில் பள்ளம் விழுந்தது’ என்று எழுதுவதும் அப்படித்தான், மழையில் தார் பெயர்ந்து விழுந்த பள்ளத்துக்கு அது சரி, ஆள் வைத்துத் தோண்டின பள்ளத்தைத் தோண்டினார்கள் என்றுதான் எழுத வேண்டும். அடிபட்டவர் வீட்டில் அந்தச் செய்தியைப் படிக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்கள் செய்தியாளர்கள் யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டம் போடும்போது சொல்லுக்கு ஒரு வாக்கியமாவது சேர்த்துப் போடுங்கள், எட்டுச் சொல் வேண்டாம், நாலு போதும். விழுப்புண் திருத்தத்தை மட்டும் அதற்காகத் தள்ளி வைக்காமல் வருகிற வாரமே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.