ஃபுட்பால் டீம் பசங்களோட அப்பா அம்மாவுக்கு எச்.எம். எழுதறது

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கமுங்க. போன வாரம் குறுமைய பைனல்ல நம்ம பசங்க 1-0ன்னு தோத்தது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதப் பத்தி இல்லீங்க இந்த லெட்டர். பசங்க வீடு வந்து சேர்றதுக்குள்ளயே வாட்ஸ்அப் குரூப்புல ஒரு பையன் பேரப் போட்டு "இவன் காலை நீட்டலைன்னா பெனால்டி ஏது"ன்னு ஆரம்பிச்சு வரிசையா வாய்ஸ் மெசேஜ் வந்திருக்குதுங்க. அந்தப் பையன் அதையெல்லாம் அவங்கப்பா போன்லயே கேட்டிருக்கான். நாலு நாளா பிராக்டீசுக்கு வரல. கிளாசுக்கு வர்றான், மத்தியானம் தனியா போய் உக்காந்து சாப்பிடறான்.

நான் அன்னைக்கு நம்ம கோல் போஸ்ட்டுக்கு பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன். பந்து நடு கிரவுண்டுல நம்ம கைய விட்டுப் போச்சு, மூணு பேரு ஆஃப்சைடுன்னு கையத் தூக்கிட்டு நின்னுட்டாங்க, விசில் வரல, இவன் ஒருத்தன்தான் நடு வட்டத்துல இருந்து ஓடியாந்து கடைசி நிமிஷத்துல காலை நீட்டினான். ஓடியே வராதவனுக்கு ஃபவுல் ஆகாதுங்க. இத நான் அன்னைக்கே பஸ்ல வெச்சு எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டது என் தப்பு.

எனக்கு சின்ன வயசுல இருந்தே ஃபுட்பால்னா உசுருங்க. 2024 ஏப்ரல்ல கத்தார்ல 23 வயசுக்கு உட்பட்டவங்க ஆசியக் கோப்பை நடந்தப்ப தினமும் ராத்திரி அதேதான் வேலை. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அதுதான் தகுதிச் சுற்று, மொத மூணு டீமுக்கு நேரா சீட்டு, நாலாவது டீம் ஆப்பிரிக்காவோட கினியா கூட ஒரே ஒரு மேட்ச் ஆடணும். நம்ம நாடு அதுல இல்லீங்க. நான் பாத்தது இந்தோனேசியாவ. மொத தடவையா அந்தப் போட்டிக்குள்ள வந்த டீம். மொத மேட்ச்ல கத்தார் கிட்ட 2-0ன்னு தோத்துட்டு, அடுத்து ஆஸ்திரேலியாவ 1-0, ஜோர்டான 4-1ன்னு அடிச்சு மேல வந்தாங்க.

ஆஸ்திரேலியா மேட்ச்ல அந்த ஒரு கோல் போட்டது கோமாங் தெகுன்னு ஒரு டிஃபெண்டர் பையன். அடுத்த வாரம் தென் கொரியா கூட காலிறுதில அதே பையன் மேல பட்டு பந்து அவங்க சொந்த கோலுக்குள்ளயே போயிடுச்சு. அப்பறம் 2-2ல நின்னு, பெனால்டி ஷூட்டவுட் போயி 11-10ன்னு இந்தோனேசியா ஜெயிச்சது, 1988ல இருந்து ஒரு ஒலிம்பிக்கும் விடாம ஆடின கொரியா வெளிய போச்சு. கடைசி பெனால்டிய அடிச்சவன் பிரதாமா அர்ஹான். ஊரே தூக்கி வெச்சு ஆடுச்சு. நாலே நாள்ல உஸ்பெகிஸ்தான் கூட செமி பைனல், அங்க அந்த அர்ஹானே சேம்சைடு கோல் போட்டுட்டான், 2-0ன்னு தோல்வி. அதே பையன்தானுங்க.

மூணாவது எடத்துக்கான மேட்ச்ல ஈராக் கிட்டயும் எக்ஸ்ட்ரா டைம்ல 2-1ன்னு தோத்து, மே 9 பொழுதோட பிரான்ஸ்ல கினியா மேட்ச். அந்தத் தேதி எனக்கு மறக்காது, விடிஞ்சா பத்தாவது ரிசல்ட், மனசு ரெண்டு பக்கமும் கெடந்து அடிச்சுக்குது. ஜோர்டான் மேல கோல் போட்ட வித்தான் சுலைமான் ஃபவுல் பண்ணிட்டான்னு 29ஆவது நிமிஷம் பெனால்டி, கினியாவோட இலாயிக்ஸ் மொரீபா அடிச்சுட்டான். அந்த ஒரு கோல்தான், ஒலிம்பிக் போச்சு. இந்தோனேசியா கடைசியா ஒலிம்பிக்ல ஃபுட்பால் ஆடினது 1956 மெல்போர்ன்ல, அன்னைக்கு தங்கம் வாங்கின சோவியத் ரஷ்யாவையே மொத மேட்ச்ல 0-0ன்னு நிறுத்தின டீமுங்க அது. நம்ம இந்தியாவும் அதே மெல்போர்ன்ல நாலாவதா வந்தது, 1960 ரோமுக்கு அப்பறம் நாமளும் போகல. ரோம்ல பெரு மேல நம்ம கடைசி கோலப் போட்டது சைமன் சுந்தர்ராஜ், தமிழ்நாட்டுக்காரர்.

வித்தானோட ஃபவுல மட்டும் வெட்டி எடுத்துப் பாத்தா அவன்தான் தோக்க வெச்சான்னு யாரும் சொல்லிப் போடலாம். ஆனா அவன் ஜோர்டான் மேல போட்ட கோலும் சேந்துதான அந்த டீம் பிரான்ஸ் வரைக்கும் போச்சு. நம்ம பையனும் அப்படித்தானுங்க, செமில ரெண்டு தடவ கோல் லைன்ல இருந்து பந்த எடுத்தவன் அவன்தான், அதுக்கு குரூப்புல ஒரு மெசேஜும் வரல.

அதனால கேக்கறனுங்க. வாய்ஸ் மெசேஜ் போட்டவங்க தயவுசெஞ்சு அத அழிச்சுருங்க. முடிஞ்சா அவங்கப்பாவுக்கு ஒருக்கா போன் பண்ணுங்க, தறிக்கு நைட் ஷிஃப்ட் போறவரு, காலைல பத்து மணிக்கு மேல எடுப்பாரு. "பத்தாவது வந்துட்டான், விளையாட்டு போதும்"னு ரெண்டு மூணு பேரு பி.டி. சார் கிட்ட சொல்லியிருக்கீங்க, அத வெள்ளிக்கெழம மீட்டிங்ல உக்காந்து பேசலாம், மார்க்கு லிஸ்ட்டோட வர்றேன், அதுக்குள்ள பசங்கள நிறுத்திராதீங்க.

திங்கக்கெழம நாலே காலுக்கு பிராக்டீஸ் மறுபடி ஆரம்பிக்குதுங்க, ஆறு மணிக்குள்ள விட்டுருவோம். அந்தப் பையனோட பூட்ஸ் ஸ்டோர் ரூம்லதான் இருக்குது, நானே தொடச்சு எடுத்து வெச்சிருக்கறேன்.

இப்படிக்கு,
உங்க எச்.எம்.